பார்வையாளர் பெருகலாம்; பக்தி பெருகுமா?

ஆலயங்களும் குறுங்காணொளிகளும்: ஒரு சிந்தனை

(செந்தூல் வட்டார ஆலயச் செயலாளர் ஒருவர்)

தைத் திங்கள் நெருங்கும்போது செந்தூல் வட்டாரத்து ஆலயங்களில் நிர்வாகக் கூட்டங்கள் அடிக்கடி கூடும். தண்ணீர்ப்பந்தலை எங்கே அமைப்பது, அன்னதானத்திற்கு எத்தனை மூட்டை அரிசி வேண்டும், பால்குடம் எடுப்போருக்கு எத்தனை மணிக்குப் பூசை, நாதஸ்வரக் குழுவினருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்பன போன்ற செய்திகளே முன்பெல்லாம் அக்கூட்டங்களில் பேசப்பட்டன. அண்மை ஆண்டுகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "நம் ஆலயத்தை டிக் டாக்கில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள்? பக்கத்து ஆலயத்துக் காணொளியை ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்களே, நாம் மட்டும் ஏன் பின்தங்கி நிற்கிறோம்?" என்று இளைஞர் பிரிவினர் கேட்கின்றனர். "ஆலயம் என்ன திரையரங்கமா?" என்று மூத்த உறுப்பினர்கள் திருப்பிக் கேட்கின்றனர்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வார நாட்களில் மாலைப் பூசைக்கு வருவோரில் பெரும்பாலோர் முதியவர்கள். இளைய தலைமுறையின் கண்ணும் கருத்தும் கைப்பேசியில் இருக்கும்போது, அங்கே ஆலயத்தின் குரலும் கேட்க வேண்டும் என்று இளைஞர் கூறுவதில் தவறில்லை. அதே வேளையில், விற்பனைப் பொருளுக்கு விளம்பரம் செய்வது போல வழிபாட்டுக்கும் செய்யத் தொடங்கினால் அது எங்கே போய் முடியுமோ என்று மூத்தவர்கள் அஞ்சுவதும் வீண் அச்சமன்று.

குறுங்காணொளிகளை நம் ஆலயங்கள் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து. ஆனால் எதை எடுப்பது, எதை எடுக்காமல் விடுவது என்பதைப் பார்வையாளர் எண்ணிக்கை முடிவு செய்ய இடம் கொடுக்கக் கூடாது. அது ஆலய நிர்வாகத்தின் பொறுப்பு.

கருவி புதிது, கடமை பழையது

புதிய கருவிகளைக் கண்டு சைவ உலகம் அஞ்சி ஒதுங்கியதில்லை. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். கிறிஸ்தவ சமயத்தார் அச்சுப் பொறியைத் திறம்படப் பயன்படுத்திவந்த காலம் அது. அது பிறருடைய கருவி என்று அவர் விலக்கவில்லை. ஏடுகளில் கிடந்த நூல்களையும் பிள்ளைகளுக்கான பாடநூல்களையும் அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்தார். நாவலர் பதிப்பு என்றால் பிழையற்ற பதிப்பு என்ற பெயர் இன்றளவும் நிலைத்திருக்கிறது. அச்சுப் பொறி அன்று பலரிடமும் இருந்தது. ஒவ்வோர் எழுத்தையும் ஒப்புநோக்கித் திருத்திய பொறுப்புணர்ச்சியே அவருடைய நூல்களுக்கு அந்த மதிப்பைத் தேடித் தந்தது.

அதன் பின்னர் இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்தன. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசமும், டி.எம்.சௌந்தரராஜனின் முருகன் பாடல்களும், எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாடல்களும் தோட்டப்புற லயங்களிலும் நகரத்து அடுக்குமாடி வீடுகளிலும் ஒலித்தன. கவசத்தை ஏட்டில் படித்தறியாத எத்தனையோ தாய்மார்கள் அதைக் கேட்டே மனப்பாடம் செய்தனர்.

2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தையும் நாம் மறந்திருக்க மாட்டோம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிலிருந்த அந்த ஆண்டில், ஜாலான் துன் எச்.எஸ்.லீ ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் பக்தர் கூட்டமின்றிப் பத்துமலைக்குப் புறப்பட்டுச் சென்றது. ஆண்டுதோறும் ஜாலான் ஈப்போவில் காத்திருந்து தேங்காய் உடைத்து வணங்கிய நம் வட்டாரத்து மக்கள் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. அப்போது ஆறுதல் தந்தது கைப்பேசித் திரைதான். ஆகவே, காணொளியே வேண்டாம் என்று கூறுவது பொருந்தாது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும், சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுக்கும் தம் ஊர் ஆலயத்தின் தீபாராதனையைக் காட்டுவது தொண்டேயாகும்.

எண்ணிக்கை எப்படி வருகிறது?

குறுங்காணொளித் தளங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைப் பெரியவர்களும் சற்று அறிந்துகொள்வது நல்லது. டிக் டாக் பரவிய பின்னர், இன்ஸ்டாகிராமும் யூடியூபும் 2020ஆம் ஆண்டில் தத்தம் குறுங்காணொளிப் பகுதிகளைத் தொடங்கின. இவற்றில் நாம் தேடிப் போய்ப் பார்ப்பது குறைவு. தளம் தானாகவே ஒன்றன்பின் ஒன்றாக நம் முன் கொண்டுவந்து வைக்கிறது. ஒரு காணொளியை எத்தனை பேர் இறுதிவரை பார்த்தார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள், எத்தனை பேர் தொடக்கத்திலேயே விரலால் தள்ளிவிட்டார்கள் என்பவற்றையெல்லாம் கணித்து, அதற்கேற்ப மேலும் பலருக்குக் காட்டுகிறது அல்லது நிறுத்திவிடுகிறது. எனவே, முதல் மூன்று விநாடிக்குள் பார்ப்பவரைத் திடுக்கிடச் செய்ய வேண்டும் என்பது இத்துறையினர் கூறும் முதற்பாடம்.

எண்ணிக்கையின் தன்மையையும் கவனியுங்கள். 2025 மார்ச் மாத இறுதியிலிருந்து யூடியூப் தன் குறுங்காணொளிகளுக்குப் பார்வைகளைக் கணக்கிடும் முறையை மாற்றியது. காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை, அது மீண்டும் ஓடத் தொடங்கினால் இன்னொரு பார்வை. எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்ற வரம்பு அதற்கில்லை. ஆனால், காணொளி வெளியிடுவோருக்குப் பணம் வழங்குவதற்கு அந்நிறுவனம் இந்த எண்ணிக்கையைக் கொள்வதில்லை. உண்மையில் நின்று பார்த்தோரைக் காட்டும் பழைய கணக்கையே அதற்கு வைத்துக்கொண்டது. எண்ணிக்கையைத் தருபவரே பணம் தரும்போது வேறு கணக்கைப் பார்க்கிறார் என்றால், அந்த எண்ணிக்கையை ஆலய ஆண்டறிக்கையில் சாதனையாக எழுதி நாம் பெருமை கொள்ளலாமா?

விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்கும் என்று சிலர் கூறுவதும் உண்டு. யூடியூபில் குறுங்காணொளி வழி அந்தத் தகுதியைப் பெற, 1,000 சந்தாதாரர்களுடன் 90 நாட்களுக்குள் ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். ஒரு வட்டார ஆலயம் அந்த இலக்கை நோக்கி ஓடத் தொடங்கினால், ஓட்டத்திற்காகவே காட்சிகளைத் தேட வேண்டிவரும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அலகும் அருளும் காட்சிப் பொருளா?

தைப்பூசத்தில் மூன்று விநாடிக்குள் திடுக்கிடச் செய்யக்கூடியது எது? அலகு குத்தும் நொடியும், அருள் வந்து ஆடும் கோலமும்தாம். விரதமிருந்து, புலால் தவிர்த்து, தரையில் படுத்து, நேர்த்திக்கடனை நிறைவேற்ற வந்த அடியாரின் பல வார நோன்பு காணொளியில் தெரிவதில்லை. கன்னத்தில் வேல் ஏறும் அந்த ஒரு நொடி மட்டுமே உலகெங்கும் சுற்றுகிறது. அன்னை பராசக்தி முருகப்பெருமானுக்கு ஞானவேல் வழங்கிய திருநாள் என்ற கருத்து மறைந்து, உடலை வருத்திக்கொள்ளும் விழா என்ற எண்ணமே பிற இனத்தாரிடத்தும் நம் பிள்ளைகளிடத்தும் பதிகிறது. காவடிகள் சமய நெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று மலேசிய இந்து சங்கம் வலியுறுத்தி வந்திருக்கிறது. ஆனால் வியப்பூட்டும் காவடிக்கே பார்வை கூடும் என்றால், அந்த அறிவுரைக்கு எதிராக நம் கைப்பேசிகளே வேலை செய்கின்றன அல்லவா?

இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அருள் நிலையில் இருப்பவர், "என்னைப் படம் எடுக்கலாம்" என்று யாருக்கும் சம்மதம் தரவில்லை. அவருக்கு அந்நேரத்தில் தன்னினைவே இல்லை. தலைமுடி அவிழ்ந்து, ஆடை நெகிழ்ந்து, கண்ணீருடன் நிற்கும் ஒரு பெண்மணியின் கோலத்தை எடுத்து, திரைப்பட இசையைச் சேர்த்து உலகத்திற்குக் காட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? மறுநாள் அவர் வேலைக்குச் செல்ல வேண்டும், அவருடைய மகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும். காணொளியின் கீழே முகந்தெரியாதவர்கள் எழுதும் ஏளனச் சொற்களை அக்குடும்பம் படிக்க வேண்டும்.

இணையப் பகடிவதை எவ்வளவு கொடியது என்பதை நம் சமுதாயம் அறிந்திருக்கிறது. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் இனத்து இளம்பெண் ஒருவர் டிக் டாக்கில் பகடிவதைக்கு ஆளாகி உயிரிழந்த துயரம் நாட்டையே உலுக்கியது. பகடிவதையைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத் திருத்தங்கள் 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. அடியார் ஒருவரை அத்தகைய ஏளனத்திற்கு முன் கொண்டுபோய் நிறுத்தும் கை ஆலயத்தின் கையாக இருக்கக் கூடாது.

2025 மார்ச் மாதத்தில் ஏரா எஃப்.எம். வானொலியின் அறிவிப்பாளர்கள் மூவர், "வேல் வேல்" என்று கூறிக் காவடியாட்டத்தைப் போலச் செய்து ஆடிய குறுங்காணொளி ஒன்று சமூக ஊடகங்களில் வெளிவந்தது. இந்துக்களின் மனம் புண்பட்டது. கண்டனங்கள் எழுந்தன, காவல் துறையில் புகார்கள் செய்யப்பட்டன. அம்மூவரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர், பொது மன்னிப்பும் கேட்டனர். நாம் கோபப்பட்டது நியாயமே. ஆனால் அந்தக் கோபத்திற்கு ஒரு கடமையும் உண்டு. காவடியாட்டம் வேடிக்கையன்று என்று பிறரிடம் சொல்லும் நாம், அதே ஆட்டத்தைப் பதினைந்து விநாடித் துண்டாக வெட்டி, சிரிப்புக் குறிகளைச் சேர்த்து, நம் ஆலயத்தின் பெயராலேயே வெளியிட்டால், நாளை யாரைக் கண்டிக்க முடியும்? நாம் மதிக்காத ஒன்றைப் பிறர் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

தடை வருமுன் தன்னடக்கம்

தமிழகத்தில் இச்சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. திருச்செந்தூர் சுப்பிரமணிய சுவாமி ஆலயம் தொடர்பான வழக்கில், தமிழகத்து ஆலயங்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. பழநி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் முதல் நாளன்று அத்தடை நடைமுறைக்கு வந்தது. வடக்கே கேதார்நாத்தில், ஆலய வாசலில் காதலைத் தெரிவித்து ஓர் இணையர் எடுத்த காணொளி பரவிய பின்னர், 2023 ஜூலையில் ஆலய வளாகத்தில் படமெடுப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது.

தடை வந்துவிட்டால் நல்லது எடுப்பவரும் தீயது எடுப்பவரும் ஒன்றாகவே நிறுத்தப்படுவர். பொறுப்புடன் தாத்தா பாட்டிக்குப் படம் அனுப்ப விரும்பும் பேரனுக்கும் கதவு மூடப்படும். ஆகையால் நமக்கு நாமே வரம்பு வகுத்துக்கொள்வது அறிவுடைமை.

நம் பத்துமலையையும் எண்ணிப் பார்க்கலாம். 2018 ஆகஸ்டில், கும்பாபிஷேகத்தை ஒட்டி அந்த 272 படிகளுக்கும் பல வண்ணங்கள் தீட்டப்பட்டன. அப்படங்கள் சமூக ஊடகங்கள் வழி உலகெங்கும் பரவின. வண்ணப் படிகளில் நின்று படமெடுத்துக்கொள்வதற்காகவே பயணிகள் வரலாயினர். விருந்தினர் வருவதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் படியில் நின்று படமெடுத்துத் திரும்புவோரும், படியேறிச் சென்று வேலவனை வணங்குவோரும் வேறு வேறு. முதல் எண்ணிக்கை உயர்ந்ததைக் கண்டு இரண்டாவதும் உயர்ந்துவிட்டதாக நிர்வாகத்தினர் கருதிவிடக் கூடாது.

எடுக்க வேண்டியவை ஏராளம்

அப்படியானால் எதைத்தான் எடுப்பது என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். எடுக்க வேண்டியவை ஏராளம். விடியற்காலையில் பூக்கட்டும் அம்மையார் நாரில் மலரை எப்படி முடிச்சிடுகிறார்? பால்குடம் எடுப்பவர் விரதத்தை எவ்வாறு தொடங்குகிறார்? காவடியின் அமைப்புக்கு என்ன பொருள்? நாதஸ்வரக் கலைஞர் சீவாளியை எப்படிப் பொருத்திச் சுருதி சேர்க்கிறார்? ஆயிரக்கணக்கானோருக்கு வேண்டிய சாம்பாரை அன்னதானக் கூடத்தில் எத்தனை மணிக்கு அடுப்பில் ஏற்றுகிறார்கள்? இவை ஒவ்வொன்றும் ஒரு நிமிடக் காணொளிக்குப் போதுமானவை. அர்ச்சனை செய்யும் முறை தெரியாமல் வாசலில் தயங்கி நிற்கும் இளைஞருக்கு, அதை எளிய தமிழில் விளக்கும் காணொளி ஒன்றே அவரை உள்ளே அழைத்துவரும். தேவார வகுப்புப் பிள்ளைகள் பாடும் பதிகத்தைப் பெற்றோர் சம்மதத்துடன் பதிவு செய்தால், அடுத்த வீட்டுப் பிள்ளையும் வகுப்புக்கு வர விரும்பும்.

செந்தூலுக்கென்று தனிப் பொறுப்பும் ஒன்றுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே அமைந்த ரயில் பட்டறையை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். பட்டறை பத்து காஜாவுக்கு இடம் மாறிவிட்டது. ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் பல இடங்களுக்குச் சிதறிவிட்டனர். சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி ஆலயம் எழுப்பியதையும், அன்றைய திருவிழாக்களையும், ஜாலான் ஈப்போவில் ரதத்தை எதிர்கொண்டு வணங்கிய இரவுகளையும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை அமரச் செய்து, ஒரு கேள்வி கேட்டு, ஒரு நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். அதற்கு ஐம்பது பார்வைகள் மட்டுமே கிடைத்தாலும் அதுவே பெருந்தொண்டு. இன்று தவறவிட்டால் பின்னர் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்.

நிர்வாகங்கள் கவனிக்க வேண்டியவை

ஆலய நிர்வாகங்களின் பரிசீலனைக்காகச் சில ஆலோசனைகளை முன்வைக்கிறேன்.

1. ஆலயத்தின் பெயரிலுள்ள சமூக ஊடகக் கணக்கு ஆலயத்தின் சொத்தாகும். அதன் கடவுச்சொல் ஒரு தனிமனிதரிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்படைப்பது போல இதையும் எழுத்து மூலம் ஒப்படைக்க வேண்டும்.

2. திருவிழாவில் படமெடுக்க இரண்டு அல்லது மூன்று இளைஞர்களை நியமித்து அடையாள அட்டை வழங்கலாம். வெளியிடுவதற்கு முன் நிர்வாகத்தில் ஒருவராவது பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

3. கருவறை, மூலவர் அபிஷேகம், அருள் நிலையில் இருப்போர், நீராடி ஈர ஆடையுடன் நிற்போர் ஆகியோரை எடுக்கக் கூடாது. பிள்ளைகளின் முடிகாணிக்கையைப் பெற்றோர் அனுமதியின்றி எடுக்கக் கூடாது.

4. அன்னதானத்தில் தட்டேந்தி நிற்பவர் முகத்தையும், உதவிப் பொருள் பெறும் ஏழைக் குடும்பத்தின் முகத்தையும் காட்டவே கூடாது. அன்னமிட்ட புண்ணியத்தை அவர்களுடைய மானத்தை விலையாகக் கொடுத்து விளம்பரப்படுத்துவது அறமாகாது. சமைக்கும் கரங்களைக் காட்டினால் போதும்.

5. திரைப்படப் பாடல்களைச் சேர்க்க வேண்டா. நம் ஆலயத்து மங்கல இசையும் மணியோசையும் இருக்கின்றன. பிறர் உரிமையுள்ள இசையைப் பயன்படுத்தி எழும் காப்புரிமைச் சிக்கலும் வராது.

6. நன்கொடைக்கான டூயிட்நாவ் கியூஆர் குறியைக் காணொளியில் ஒட்டி வெளியிடுவதைத் தவிர்ப்பது நல்லது. வேறொருவர் அக்காணொளியை எடுத்துத் தம் குறியை ஒட்டிப் பணம் திரட்ட அது வழிவகுக்கும். நன்கொடை ஆலய முகப்பில், ரசீதுடன் நடைபெறட்டும்.

7. ஆண்டிறுதியில் பார்வைகளை எண்ணுவதை விடுத்து வேறு கணக்கைப் பாருங்கள். தேவார வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர்? உழவாரப் பணிக்கு எத்தனை இளைஞர்கள் வந்தனர்? சாதாரண நாளின் மாலைப் பூசையில் புதிய முகங்கள் தென்படுகின்றனவா? இவை கூடியிருந்தால் காணொளிகள் தம் வேலையைச் செய்திருக்கின்றன.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்துக்கொண்டவன். கைப்பேசியைக் கையாள்வதில் உங்கள் திறமை எங்களுக்கு இல்லை. உங்களை ஆலயத்திற்கு வெளியே நிறுத்திவிட்டு நாங்கள் மட்டும் திருப்பணி செய்துவிட முடியாது என்பதையும் அறிவோம். ஆலயத்திற்கு உங்கள் திறமையைத் தாருங்கள். படமெடுக்கும்முன் ஒரே ஒரு கேள்வியை மனத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: "படத்தில் இருப்பவர் என் தாயாகவோ தங்கையாகவோ இருந்தால் இதை வெளியிடுவேனா?" மனம் தயங்கினால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கைகூப்பி நில்லுங்கள்.

மூத்தவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கைப்பேசியோடு வரும் இளைஞரைக் கண்டதும் கடிந்துகொள்ளாதீர்கள். அவரை அருகில் அழைத்து, ஆலயத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள். அவர் எடுக்கும் முதல் நல்ல காணொளி அதுவாகவே இருக்கட்டும்.

இத்தைப்பூசத் திருநாளில் நம் ஆலயங்கள் அடியார்களின் மானம் காத்து, மரபு காத்து, இளையோரை அரவணைத்துச் செல்ல எல்லாம் வல்ல முருகப்பெருமானின் திருவருள் துணைநிற்பதாக!